டிமென்ஷியா: பராமரிப்பவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

"காலையிலிருந்து ஒருத்தரும் எனக்கு சோறு போடலை!" சாப்பிட்டுக் கை கழுவிய பத்தாவது நிமிடம் ஒரு பெரியவர் இப்படிச் சண்டை போட்டால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்? "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். கொஞ்சம் அதிகமானால் "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் "அறளை பெயர்ந்திட்டுது" என்பார்கள். வார்த்தைகள்தான் வேறு வேறு. முடிவு ஒன்றுதான்... இனி இவரிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை.

இந்த முடிவு தவறு. பேசிப் பிரயோஜனம் உண்டு. ஆனால் எப்படிப் பேசுவது, எப்படிக் குளிக்க வைப்பது, எப்படிச் சாப்பிட வைப்பது என்று பராமரிப்பவருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரு நாள் வகுப்பெடுத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் போதாது. பக்கத்தில் நின்று, மாதக்கணக்கில் சொல்லிக் கொடுக்க வேண்டும். தருமபுரி மாதிரியான ஒரு மாவட்டத்தில் இது நடக்குமா? நடக்கும். நடந்தே ஆக வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

டிமென்ஷியா என்பது ஒரே ஒரு நோய் அல்ல. மூளை படிப்படியாகப் பாதிக்கப்படும் பல நோய்களுக்குப் பொதுவான பெயர். அல்சைமர் அதில் முக்கியமானது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது இன்னொன்று. ஞாபகம் மட்டும் போவதில்லை. வழி தெரியாமல் போகும், பணம் எண்ண வராது, வார்த்தை வராது, பகலா இரவா என்ற குழப்பம் வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் உலகம் முழுக்க 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், என்று 2023ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது.

இதை தருமபுரிக்குப் பொருத்திப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. தமிழ்நாட்டில் அப்போது பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். அதே விகிதம் இங்கேயும் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை லட்சம் முதியவர்கள். அதில் 7.4 சதவீதம் என்றால் சுமார் 11,000 பேர். இது அரசாங்க எண் அல்ல, வெறும் பெருக்கல் கணக்குதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், பதினோராயிரம் குடும்பங்கள்!

இந்த மாவட்டத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் கிராம மக்கள். மழை பொய்த்தால் பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ ஒரு கிராமத்தில் அந்தப் பதினோராயிரத்தில் ஒருவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? தானும் எழுபதைத் தொட்டுவிட்ட மனைவி. அல்லது மருமகள். கொஞ்சம் வசதி இருந்தால் சம்பளத்துக்கு வைத்த ஒரு அக்கா. யாருமே இல்லாவிட்டால் முதியோர் இல்லம். இந்த நால்வரில் எத்தனை பேருக்கு டிமென்ஷியா பற்றி ஒரு மணி நேரமாவது யாராவது சொல்லியிருப்பார்கள்?

நோயைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்று ஒருவர் இருந்தார். 1997ல் டிமென்ஷியா பற்றி ஒரு புத்தகம் எழுதினார், அடுத்த ஆண்டே காலமானார். அவர் சொன்ன விஷயம் எளிமையானது. மூளை கெடுவதால் மட்டும் ஒருவர் இப்படி ஆவதில்லை, சுற்றியிருப்பவர்கள் அவரை நடத்தும் விதமும் அவரைக் கெடுக்கிறது!

அப்படிக் கெடுக்கும் நடத்தைகளை அவர் பட்டியலே போட்டார். குழந்தை மாதிரி நடத்துவது. அவரால் செய்ய முடிந்ததையும் பிடுங்கி நாமே செய்துவிடுவது. அவருக்கு ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் பேசுவது, வேலையை முடிப்பது. அவர் உட்கார்ந்திருக்கும்போதே அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவது. பொய் சொல்லி ஏமாற்றுவது. கேலி செய்வது. கவனிக்க வேண்டிய விஷயம், இதையெல்லாம் செய்பவர்கள் கெட்டவர்கள் என்று கிட்வுட் சொல்லவில்லை. நல்லவர்கள்தான், தெரியாமல் செய்கிறார்கள் என்றார்.

டிமென்ஷியா வந்தவருக்கும் ஆறுதல் வேண்டும், பாசமான உறவு வேண்டும், கூட்டத்தில் ஒருவராக இருக்க வேண்டும், செய்வதற்கு ஒரு வேலை வேண்டும், தான் யார் என்ற அடையாளம் வேண்டும் என்றார். இதைத்தான் "ஆளை மையமாக வைத்த பராமரிப்பு" என்கிறார்கள். கேட்க பெரிய தத்துவம் மாதிரி இருக்கும். நடைமுறையில் எப்படி என்று ஓர் உதாரணம் பார்ப்போம்.

மாலை ஆறு மணி. ஒரு முதியோர் இல்லம். ஒரு ஆயா மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். "வீட்டுக்குப் போவணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்கிறார்.

பயிற்சி இல்லாத பணியாளர் என்ன சொல்வார்? "உங்க மாடெல்லாம் எப்பவோ போயாச்சு, பேசாம உள்ள போங்க." சொன்னது உண்மைதான். ஆனால் ஆயாவுக்கு அது இன்றைக்குப் புதிதாகக் கேட்கும் சாவுச் செய்தி! அழுகிறார், கத்துகிறார், கையைப் பிடித்தால் கடிக்கிறார். ராத்திரி தூக்க மாத்திரை. மறுநாள் பதிவேட்டில் "தொந்தரவு கொடுக்கும் நோயாளி" என்று ஒரு வரி.

பயிற்சி பெற்ற பணியாளர் வேறு மாதிரி செய்வார். முதலில் எதிரே வந்து, கண்ணுக்கு நேராக நின்று, "என்ன ஆயா, எத்தனை மாடு வச்சிருந்தீங்க?" என்று கேட்பார். பொய்யும் இல்லை, மறுப்பும் இல்லை. ஆயா மாட்டின் பெயரைச் சொல்வார், நிறத்தைச் சொல்வார். பேசிக்கொண்டே இரண்டு பேரும் நடந்து திரும்பி வருவார்கள். அப்புறம் அந்தப் பணியாளர் இன்னொன்றும் யோசிப்பார். இவர் ஆயுசு முழுக்க இந்த நேரத்தில் வேலை செய்தவர் ஆயிற்றே, இங்கே சும்மா உட்கார வைத்திருக்கிறோமே? மறுநாளிலிருந்து மாலை ஐந்தரைக்கு ஆயா முன்னால் ஒரு முறம் வேர்க்கடலை இருக்கும், உரிப்பதற்கு. அல்லது ஆய்வதற்கு ஒரு கட்டு கீரை.

இரண்டு பணியாளர்களுக்கும் சம்பளம் ஒன்றுதான். அந்த ஆயாவின் ராத்திரி மட்டும் வேறு.

தருமபுரிக்கென்று சில விஷயங்கள்

வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் இங்கே வேலைக்கு ஆகாது. முக்கியமாக மொழி. இந்த மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம் வீட்டில் பேசும் குடும்பங்கள் நிறைய. டிமென்ஷியா முற்றும்போது பின்னால் கற்ற மொழி முன்னால் போகும், சின்ன வயது மொழி கடைசி வரை மிச்சமிருக்கும். ஐம்பது வருஷம் தமிழ் பேசியவர் திடீரென்று தெலுங்கில் மட்டும் பேசினால் அது பிடிவாதம் அல்ல. "அவ்வா" என்று கூப்பிட்டால் திரும்புகிறவரை "பாட்டி, பாட்டி" என்று கூப்பிட்டுக் காது கேட்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. கன்னட வீட்டில் அவர் "அஜ்ஜி". ஒரு இல்லத்தின் பணியாளர்களில் யாருக்கு எந்த மொழி வரும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்?

அடுத்தது சாப்பாடு. அறுபது வருஷம் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டவர் தட்டில் தினமும் ரவா உப்புமா வைத்துவிட்டு "சாப்பிட மாட்டேங்கிறார்" என்றால் யார் தப்பு?

அடுத்தது உடம்பு. "அடம்" என்று சொல்லப்படுவதில் பாதி, சொல்லத் தெரியாத வலியாக இருக்கலாம். மலச்சிக்கல், மூத்திரத் தொற்று, பல்வலி, உடைந்த கண்ணாடி, கேட்காத காது. நேற்று வரை ஒழுங்காக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் போனால் அது டிமென்ஷியா முற்றியது என்று விட்டுவிடக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். இதைப் பணியாளருக்குச் சொல்லித்தராவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கெல்லாம் தேவைப்படுவது ஒரே ஒரு பக்கம். அவர் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், தொழில், பிடித்த சாப்பாடு, பயப்படும் விஷயம், சாமி, வீட்டு மொழி, எந்த நேரத்துக்கு எழுந்து பழக்கம். சேர்க்கும்போது குடும்பத்தாரிடம் கேட்டு எழுதி வைத்தால் போதும். முதியோர் இல்லங்களில் ஆதார் நகல் கேட்கிறார்கள். இந்த ஒரு பக்கத்தையும் சேர்த்துக் கேட்கலாமே!

ஒரு நாள் வகுப்பு ஏன் போதாது?

பயிற்சி என்றதும் நம் நாட்டில் ஒரு காட்சி கண் முன் வரும். ஒரு ஹால், குத்துவிளக்கு, பவர்பாயிண்ட், பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், மாலையில் சான்றிதழ், குரூப் போட்டோ. மறுநாள் எல்லாம் பழையபடி.

இங்கிலாந்தில் 12 முதியோர் இல்லங்களில் ஓர் ஆய்வு நடந்தது, 2006ல் வெளியானது. பாதி இல்லங்களில் பணியாளர்களுக்குப் பத்து மாதம் கூடவே இருந்து பயிற்சியும் ஆதரவும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில், பயிற்சி நடந்த இல்லங்களில் மனநோய்க்கான தீவிர மருந்து சாப்பிட்டவர்கள் 23 சதவீதம். மற்ற இல்லங்களில் 42.1 சதவீதம். மருந்தைக் குறைத்ததால் அவர்களின் கொந்தளிப்பு அதிகமாகிவிடவில்லை.

இந்த மருந்து விஷயம் சாதாரணமானது அல்ல. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. சில நேரங்களில் மருந்து தேவைப்படலாம், அதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் வேர்க்கடலை முறம் செய்திருக்க வேண்டிய வேலையை மாத்திரை செய்யக் கூடாது.

பிறகு 2018ல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. 69 இல்லங்கள், ஒன்பது மாதம். ஒவ்வொரு இல்லத்திலும் சில பணியாளர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களை மற்றவர்களுக்கு வழிகாட்டிகளாக்கி, வெளியிலிருந்து ஒருவர் தொடர்ந்து வந்து பயிற்சி கொடுத்தார். முதியவர்களின் வாழ்க்கைத் தரம் கூடியது, கொந்தளிப்பு குறைந்தது, மொத்தச் செலவும் குறைந்தது.

பி.காம். படிக்கும் நண்பர்கள் கடைசி வார்த்தையைக் கவனிக்கவும். ஒரு நாள் வகுப்பு மலிவாகத் தெரியும். ஆனால் பலன் பூஜ்யம் என்றால் அது முழுச் செலவும் நஷ்டம்தான். காஸ்ட் அக்கவுண்டிங் பாடம் சொல்வதும் இதைத்தானே?

கூடவே இருந்து சொல்லிக் கொடுப்பதில் என்ன நடக்கிறது? பயிற்சியாளர் ஒரு குளியலைப் பக்கத்திலிருந்து பார்க்கிறார். குறை சொல்லாமல் "அவர் ஏன் கையைத் தட்டிவிட்டார்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கிறார். "தண்ணி சில்லுனு இருந்திருக்குமோ?" என்று பணியாளரே சொல்கிறார். அல்லது "ஆம்பளை ஆள் நான் சேலையை எடுத்தேன், கூச்சமா இருந்திருக்கும்." மறுநாள் வெந்நீர், மேலே ஒரு துண்டு, ஒரு பெண் பணியாளர். ஒரு வாரம் கழித்துப் பயிற்சியாளர் மறுபடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்கிறார். சைக்கிள் ஓட்டப் புத்தகம் படித்து யாரும் கற்றதில்லை. பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததால்தான் எல்லோரும் கற்றார்கள்.

நம் நாட்டில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், 2008ல் வெளியானது. உள்ளூரில் கிடைக்கும் சாதாரண ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்கள் ஆக்கினார்கள். மனநல நிபுணர்கள் பின்னாலிருந்து வழிகாட்டினார்கள். ஆறு மாதம் அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். நோயாளிகளின் நடத்தையில் பெரிய மாற்றம் நிரூபணம் ஆகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் மனநலம் தெளிவாகத் தேறியது, அவர்கள் படும் அவதி குறைந்தது. பார்த்துக்கொள்பவர் உடைந்து போகாமல் இருந்தால்தானே அடுத்தவரைப் பார்க்க முடியும்?

கேரளாவில் 1992லேயே ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற டிமென்ஷியா அமைப்பு தொடங்கப்பட்டது. சென்னையில் 1984ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்குத் தனிச் சேவை நடத்துகிறது. சென்னையும் வேலூரும் உலக அளவிலான டிமென்ஷியா ஆய்வுகளில் இடம்பெற்ற ஊர்கள். ஆக, தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் தருமபுரியிலிருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். சித்தேரி மலையிலிருந்து ஒரு மருமகள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு அங்கே போவாரா?

தீர்வு பக்கத்திலேயே இருக்கிறது

2021 ஆகஸ்ட் 5 அன்று "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்ட இடம் சாமனப்பள்ளி. கிருஷ்ணகிரி மாவட்டம், அதாவது 2004 வரை தருமபுரியோடு ஒன்றாக இருந்த மண். அந்தத் திட்டத்தில் ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கின்றன.

கோவாவில் ஆய்வுக்காக உருவாக்க வேண்டியிருந்த ஆள், இங்கே ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்! அவருக்கு அந்தத் தெருவின் எல்லாத் தாத்தாவையும் ஆயாவையும் பெயர் சொல்லித் தெரியும். அவர்களில் வட்டாரத்துக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஸ்கார்ஃப் போன்ற ஒரு அமைப்போடு இணைத்து, ஆறு மாதம் கூடவே இருந்து பயிற்சி கொடுத்தால் என்ன? 2008லிருந்து தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கிருந்து ஒரு மனநல மருத்துவர் அவர்களோடு உட்கார்ந்து பேசட்டும். மாவட்டத்து முதியோர் இல்லப் பணியாளர்களையும் அதே வகுப்பில் சேர்க்கலாம்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும் வசதியோடு அமைக்கலாம் என்கிறது. நல்லது. ஆனால் கட்டடம் மாலை ஆறு மணிக்கு ஆயாவிடம் பேசாது. ஆள்தான் பேச வேண்டும்.

எதிர்க்கேள்விகள்

"ஒரு பணியாளர் பதினைந்து பேரைப் பார்க்கிறார். மாட்டுக் கதை கேட்க நேரம் ஏது?" நியாயமான கேள்வி. ஆள் போதவில்லை என்றால் எந்தப் பயிற்சியும் ஓரளவுக்கு மேல் உதவாது, உண்மை. ஆனால் சண்டை போட்டுக் குளிக்க வைக்க இரண்டு பேர் முக்கால் மணி நேரம் போராடுகிறார்களே, அந்த நேரம் எந்தக் கணக்கில் வருகிறது?

"குறைந்த சம்பளத்துக்கு வருகிறவர்களுக்கு இவ்வளவு பாரமா?" இதுவும் நியாயம். அதனால்தான் பயிற்சி முடித்தவருக்குச் சம்பளம் கூட வேண்டும். தன்னார்வலர் என்று பெயர் வைத்து, மதிப்பூதியம் கொடுத்து, நர்ஸ் வேலையும் கவுன்சிலர் வேலையும் சேர்த்துக் கேட்பது அநியாயம். தவிர, பணியாளரும் ஒரு ஆள்தான். மேலாளர் அவரை "ஏய், நீ வா" என்று கூப்பிடும் இல்லத்தில் அவர் ஆயாவை மரியாதையாகக் கூப்பிடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? ஆளை மையமாக வைப்பது என்றால் வேலை செய்யும் ஆளும் அதில் சேர்த்தி.

"பெற்றோரைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும், இதற்கெல்லாம் எதற்குப் பயிற்சி?" பாசம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் பாசம் இருப்பவர்களுக்கும் இது தெரிவதில்லை. "நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம், நான் யாரு?" என்று அப்பாவிடம் பத்துத் தடவை கேட்கும் மகனுக்குப் பாசம் குறைவா என்ன? அது பரீட்சை, அதில் அப்பா தினமும் ஃபெயில் ஆகிறார் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். "அப்பா, நான் உங்க மகன் வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு உட்காரலாம் என்று அவருக்கு யாரோ சொல்ல வேண்டும்.

கடைசியாக

டிமென்ஷியாவைக் குணப்படுத்தும் மருந்து இன்று வரை இல்லை. சமீபத்தில் வந்த புதிய மருந்துகள் ஆரம்பக் கட்ட அல்சைமரின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன. விலையோ சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆகவே பாலக்கோட்டிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ இருக்கும் ஒரு தாத்தாவுக்குக் கிடைக்கக்கூடிய முக்கியமான சிகிச்சை, அவரைப் பார்த்துக்கொள்பவரின் குரலும் கையும்தான். அந்தக் குரலுக்கும் கைக்கும் பயிற்சி கொடுப்பதை "கூடுதல் வசதி" என்று நினைக்கக் கூடாது.

படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாம் என்றால் மரம் நடுகிறோம், கோயில் குளம் சுத்தம் செய்கிறோம். அடுத்த முறை பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போய், அங்கே இருப்பவர்களின் குடும்பத்தாரையும் பணியாளர்களையும் கேட்டு, ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுங்கள். பெயர், ஊர், தொழில், பிடித்த சாப்பாடு, வீட்டு மொழி. இல்லத்தின் அனுமதியோடு, அவர்களின் சம்மதத்தோடு. ஒரு பேனாவும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

அதற்குள் மாவட்ட நிர்வாகம் அந்த ஆறு மாதப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டால், பயிற்சியாளர் வரும்போது முதல் பாடம் தயாராக இருக்கும்.